சித்தூருக்கு ஒரு வாரம் முன்னதாகப் படையெடுத்த கொங்கன்

தன்னை அடித்துத் துரத்திய ஊருக்குத் தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு சுற்றுலாப் போகிற ராஜா உலக சரித்திரத்தில் ஒருவன்தான். அது அடியேன். சென்ற மாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு தோள்பை, இரண்டு வேட்டி, தங்கைக்கு ஒரு பொட்டலம் முறுக்கு ஆகிய மாபெரும் சேனையோடு ஆனைமலையிலிருந்து புறப்பட்டேன். இலக்கு, பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர். பேருந்து நிலையத்தில் வெறுமனே ‘சித்தூர்’ என்று கேட்டால் ஆந்திரத்துக்கு வழி சொல்லிவிடுவார்கள். ‘பாலக்காட்டுச் சித்தூர்’ என்று முழுசாகக் கேட்கவும்.

காரணம் இதுதான். சித்தூரில் ஆண்டுதோறும் கொங்கன் படை என்று ஒரு திருவிழா. எந்தக் காலத்திலோ எங்கள் கொங்குநாட்டு ராஜா ஒருவர் போர் ஓலை அனுப்பிவிட்டு இந்த ஊர்மேல் படை திரட்டி வந்தாராம். ஊர்க்காரர்கள் பகவதியிடம் முறையிட, அம்மனே களத்தில் இறங்கி அவர் கதையை முடித்துவிட்டாளாம். அந்த வெற்றியை ஓலை வாசித்து, வேடம் கட்டி, வெடி வெடித்து இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அதாவது, வருஷா வருஷம் நாங்கள் தோற்கிறோம். ஒரு தடவை மழை வந்தாவது ஆட்டம் டிராவில் முடிந்திருக்கலாம். முடிந்ததில்லை. இவ்வளவு விசுவாசமாகத் தோற்கிற ஒரு வம்சத்தில் பிறந்துவிட்டு அதை நேரில் பார்க்காமல் செத்தால் என் கட்டை வேகாது என்று கிளம்பினேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் பதிவுகளைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், இட்லியை இமயமாகவும் ஈயை யானையாகவும் ஆக்கித்தான் எனக்குப் பழக்கம். இதிலும் கை அப்படித்தான் போகும். ஆனால் இந்தப் பயணம் நன்றாக முடியவில்லை. எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக மூன்று வாரம் ஓடிவிட்டது. சித்தூருக்குப் போக நினைத்து வழி தேடி இங்கே வந்தவர்கள் வழியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு போகிற பேருந்தில் ஏறினால் சித்தூர் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். ஏழு மணிக்கு ஏறினேன். கோபாலபுரத்தில் எல்லை. எல்லை தாண்டியதும் பெயர்ப்பலகைகளில் எழுத்து உருண்டை உருண்டையாக மாறும், கள்ளுக்கடைகள் கைகூப்பி வரவேற்கும், பேச்சு மட்டும் அதே கோயமுத்தூர்ப் பேச்சாக வெகுதூரம் கூடவே வரும். கிழக்குப் பாலக்காட்டில் தோட்டம் துரவோடு இருக்கிற குடும்பங்களில் பாதி எங்கள் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள்தான்.

கண்டக்டரிடம் கம்பீரமாகக் கேட்டேன். “ஏனுங்க, கொங்கன் படைக்கு எந்த ஸ்டாப்புல எறங்கோணும்?”

“அது அடுத்த திங்கக்கெழமைங்களே.”

“அதெப்படிங்க? மாசியும் இருக்குது, திங்களும் இருக்குது.”

“அமாவாசை இன்னும் வரலீங்களே. சிவராத்திரி அமாவாசை கழிஞ்சு வர்ற திங்கள்தானுங்க நோம்பி. காலண்டருல எதைத்தான் பாத்தீங்க?”

ராசிபலனைப் பார்த்திருந்தேன். பயணத்தால் ஆதாயம் என்று போட்டிருந்தது. அதை எப்படிச் சொல்வது? பின் சீட்டில் வாழைத்தார் வைத்திருந்த ஒருவர் எனக்காகப் பதில் சொன்னார். “உடுங்க கண்டக்டரே. அடி வாங்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து எடம் புடிச்சிருக்காரு.” பேருந்து முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். தோற்றவர்களுக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

எட்டேகாலுக்குச் சித்தூர். படை இல்லாவிட்டால் என்ன, ஊர் இருக்கிறதே என்று நடக்க ஆரம்பித்தேன். சின்ன ஊர். ஆனால் கர்வமான ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் சுற்றிலும் மலபார் ஜில்லாவாக இருக்க, நடுவே தீவு மாதிரி இந்தச் சித்தூர் மட்டும் கொச்சி ராஜாவுக்குச் சொந்தமாக இருந்திருக்கிறது. அந்த மிதப்பு இன்னும் ஓட்டுக்கூரைகளில் தெரிகிறது. அக்ரகாரத் தெருவில் வாசலுக்கு வாசல் கோலம். நான் அங்கே நின்றபோது ஒரு மாமி, கோலத்தின்மேல் நிற்கிறேன் என்பதைச் சொல்லாமல், என் காலையே கால்மணி நேரம் பார்த்தார். பெருங்காய வாசனை, தெருவுக்குப் பின்னால் பனை வரிசை, பனை வரிசைக்குப் பின்னால் தென்மலைத் தொடர். மலைகளின் இடைவெளி வழியாக வந்து வேட்டியைப் பிடுங்கும் கணவாய்க் காற்று. அந்தக் காற்றைப் பற்றி அப்போது ஒரு கவிதைகூட யோசித்தேன். பாவி.

இந்த ஊரின் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். சோகத்தை நாசம் செய்கிறவள். ஒரு பெரிய மகான் கரையில் வந்து தங்கி வைத்த பெயர் என்கிறார்கள். எங்கள் ஆனைமலையைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆழியாறுதான் எல்லை தாண்டியதும் இப்படிப் பெயர் மாற்றிக்கொள்கிறது. படித்துறையில் கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் பாறை, பாறைக்கு நடுவே ஒரு குட்டை, குட்டைக்கு நடுவே ஓர் எருமை. சோகம் ஒன்றும் நாசமானதாகத் தெரியவில்லை. எருமை மட்டும் திருப்தியாக இருந்தது.

பாலத்துக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் இரண்டு புட்டு, கடலைக்கறி, ஒரு சாயா, அறுபது ரூபாய். புட்டு திருவள்ளுவர் சிலை உயரத்துக்கு இருந்தது. கடைக்குள் வருகிற ஒவ்வொருவரும் வணக்கத்துக்குப் பதிலாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “வெள்ளம் வந்தோ?” தமிழில் வெள்ளம் என்றால் ஊர் மூழ்கவேண்டும், படகு விடவேண்டும், மந்திரி வந்து பார்க்கவேண்டும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். ஒரு டம்ளர்கூட வெள்ளம்தான். எவ்வளவு வசதியான பாஷை என்று நினைத்தேன். கேட்டவர்கள் முகத்தில் அந்த வசதி இல்லை.

கடைக்காரர் என்னிடம், “நீங்கள் எவிடெ?” என்றார்.

“ஆனைமலைங்க.”

கடையில் நாலைந்து தலைகள் திரும்பின. “ஓ, மேலேந்து! வரும்போ ஒரு கொடம் கொண்டுவந்திருக்கலாமே சாரே?”

விஷயம் இவ்வளவுதான். ஆழியாற்று அணை இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். இரண்டு மாநிலப் பங்குப்படி தண்ணீரை ஆற்றில் விட்டு, எல்லைக்கு இப்பால் மூலத்தரைத் தடுப்பணையில் திருப்பி, வாய்க்கால் வாய்க்காலாகச் சித்தூர் தாலுகா முழுக்கப் பிரித்துவிடுகிறார்கள். அணையிலும் குறைவு, கோடையும் முந்திக்கொண்டது. நான் போன அன்று, நாற்று பிந்தி நட்டவர்களுக்காக, கடைசியாக ஒரு தண்ணீர் திறந்திருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஜூன் மழைதான்.

பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்து நல்லேப்பிள்ளிப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனேன். ஐந்து கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று “கொங்கு மண்டலாதிபதி வருகிறார், பராக்!” என்று கூவுவது என் வழக்கம். தங்கை சரசு சிரித்துக்கொண்டு ஓடி வருவாள். அன்றைக்குக் கையில் ஈர மண்ணோடு வாசலில் வந்து, “வாங்கண்ணா” என்றாள். அவ்வளவுதான். முறுக்குப் பொட்டலத்தை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அவரு ஊட்டுல இல்லீங்கண்ணா. வாய்க்கா மேட்டுலயே கெடக்கறாரு. ரெண்டு நாளாச் சோறும் அங்கதான்.”

“எதுக்கு?”

“தண்ணி வருதான்னு பாக்கறதுக்கு. நம்முளுது கடைமடையாச்சுங்களேண்ணா. எல்லாரும் குடிச்சதுக்கப்பறந்தான் நமக்கு.”

அவள் கணவர் பழனிச்சாமிக்கு அங்கே இரண்டரை ஏக்கர் வயல். முதல் போகம் அறுப்பு நேரத்து மழையில் படுத்துவிட்டது. இது இரண்டாம் போகம், நட்டது தாமதம், இப்போதுதான் கதிரில் பால் பிடிக்கிற பருவம். இந்தச் சமயத்தில் ஒரு நனைப்பு கிடைத்தால் நெல். கிடைக்காவிட்டால் வைக்கோல்கூட உருப்படியாக வராது.

“இதும் போச்சுன்னா வயலே வேண்டாம்னுட்டாருங்கண்ணா” என்றாள் சரசு. “கஞ்சிக்கோட்டுல கம்பெனி கேட்டுல செக்யூரிட்டிக்கு ஆள் எடுக்கறாங்களாம். பேசி வச்சுட்டாரு.”

பழனிச்சாமி ஓர் ஆளுக்கு முன் கைகட்டி நின்று நான் பார்த்ததில்லை. கல்யாண மேடையில் ஐயர் சொன்னதற்கே கட்டாதவர். வாய்க்கால் மேட்டுக்குப் போனேன்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பனைமரத்தோடு பனைமரமாக நின்றிருந்தார். “வாங்க மச்சான். நோம்பி அடுத்த வாரமல்ல?”

“உளவு பார்க்க முன்னாடியே வந்தேனுங்க மாப்ள.”

“நல்லாப் பாருங்க. கொள்ளையடிக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னு ராஜாகிட்டச் சொல்லுங்க.” பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். “தென்னைக்கெல்லாம் தண்ணி பாயுதுங்களா?”

“ஏதோ பாயுதுங்க.”

“பாயட்டும், பாயட்டும். நீங்க குடிச்சு மிச்சந்தானுங்களே எங்குளுக்கு” என்று சிரித்தார். குத்திக் காட்டவில்லை. அப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால் நான் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்க என் தோப்பில் ஆற்றுத் தண்ணீரை இழுத்து மோட்டார் ஓடியது எனக்குத் தெரியும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேலிருந்து போன் வந்தது. தண்ணீர் கிளை வாய்க்காலுக்குள் வந்துவிட்டதாம். “வாங்க மச்சான், போயிக் கூட்டிட்டு வரலாம்” என்றார். கூட்டிக்கொண்டு வருவதா? தண்ணீர் என்ன, மறுவீட்டுக்கு வந்த பெண்ணா? ஆனால் அந்தப் பக்கம் வழக்கமே அதுதான். காய்ந்துபோன வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது ஆயக்கட்டுக்காரர்கள் எதிரே போய், அதன் தலையோடு கூடவே நடந்து வருகிறார்கள். குறுக்கே கிடக்கிற மட்டை, பிளாஸ்டிக், பாட்டில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, நண்டு வளைகளை மிதித்து அடைத்துக்கொண்டு. விட்டால் அது வேறெங்காவது போய்விடும்.

ஒன்றரை கிலோமீட்டர் எதிரே நடந்து தண்ணீரைச் சந்தித்தோம். தண்ணீரின் தலையை நான் அதுவரை பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு வயது, ஆற்றங்கரையில் பிறப்பு. ஆனாலும் பார்த்ததில்லை. பழுப்பு நுரை, சருகு, ஒரு ஒற்றைச் செருப்பு, பின்னால் கணுக்கால் உயரத்துக்குக் கலங்கல். வெடித்த மண்ணில் அது இறங்கும்போது புளுக் புளுக்கென்று குமிழி விட்டது. வெடிப்புகளிலிருந்து எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. அவற்றைப் பிடிக்க இரண்டு பக்கமும் கொக்குகள் கூடவே நடந்தன. கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்கு நிற்கிற கூட்டம் நகருமே, அந்த வேகம். எலிவளை ஒன்று எதிர்ப்பட்டால் அதற்குள் இறங்கி, அது நிரம்பும்வரை அசையாது. நாங்களும் நிற்போம். கொக்குகளும் நிற்கும்.

தண்ணீரோடு நாங்கள் மூன்று பேர் நடந்தோம். மூன்றாவது ஆள் சங்கரன்குட்டி ஏட்டன், நம் பேச்சில் அண்ணன். பழனிச்சாமியின் வயலுக்கு நேர் மேல் வயல் அவருடையது. அறுபது தாண்டியவர், மண்வெட்டிக் காம்பு மாதிரி உடம்பு. என்னைப் பழனிச்சாமி அறிமுகம் செய்ததும் காலிலிருந்து தலைவரை பார்த்தார். “எந்தா கொங்கரே, படை எவிடெ? ஒற்றைக்காணோ வந்தது?” தனியாகவா வந்தீர்கள் என்று கேட்கிறார்.

“படை பின்னாடி வருதுங்க. பஸ்ஸுல சீட்டுக் கெடைக்கல.”

“அடுத்த திங்களாழ்ச்ச வா. நல்லா அடி கிட்டும்” என்று என் முதுகில் ஒன்று வைத்தார். கைதானா இரும்பா என்று இன்றுவரை சந்தேகம்.

ஐந்தரை மணிக்குத் தண்ணீர் சங்கரன்குட்டி வயலின் மடைக்கு வந்தது. முறைப்படி அவர் வெட்டிப் பாய்ச்சிக்கொண்டு, மிச்சம் பழனிச்சாமிக்கு. அவர் மண்வெட்டியை ஓங்கினார். மேலே ஷட்டர் இறங்க அரைமணி நேரம் இருந்தது. அவர் வயல் நனைந்து முடிவதற்குள் தண்ணீர் நின்றுபோகும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பழனிச்சாமி பக்கத்துப் பனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் நான் என் திறமையைக் காட்டினேன். வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நின்றேன். “சித்தூர் தேசத்துச் சேனாதிபதியே! தொன்றுதொட்டு உங்களிடம் தோற்றுக்கொண்டே இருக்கிற கொங்கன் வந்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை எப்படியும் எங்களை அடித்துத் துரத்தப் போகிறீர்கள். இன்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கள் பக்கத்துக்கு விட்டுக்கொடுங்கள். சரித்திரத்தில் ஒருமுறை நாங்கள் ஜெயித்துக்கொள்கிறோம்.”

சங்கரன்குட்டி விழுந்து விழுந்து சிரித்தார். பழனிச்சாமியும் சிரித்தார். பிறகு ஏட்டன் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு வயலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “பழனிச்சாமியுடெ பயிரு பால் பிடிச்சு நிக்குது. எண்டெ பயிரு முந்தியதாணு, ரெண்டு திவசம் தாங்கும், அதுக்குள்ள நெல்லு முத்திக்கும்” என்றார். ஓங்கிய மண்வெட்டியை இறக்கி, மடைவாயில் இருந்த மண்ணை இன்னும் கொஞ்சம் தட்டி இறுக்கினார். “போகட்டே. கொங்கன் ஜெயிக்கட்டே.”

தண்ணீர் அவர் வயலைத் தாண்டிப் போனது. நான் மீசை இல்லாத இடத்தில் மீசையை முறுக்கினேன்.

அங்கிருந்து பழனிச்சாமியின் மடை ஒரு கூப்பிடு தூரம். ஆனால் அந்தத் துண்டு வாய்க்காலில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் ஒழுங்காகப் போனதில்லை. அடி முழுக்க மணல், ஓரம் முழுக்க நண்டு வளை. பழனிச்சாமி மிதித்துக்கொண்டே ஓடினார். நானும் என் தொப்பையோடு மிதித்தேன். சங்கரன்குட்டி வயலில் கிடந்த வைக்கோலை அள்ளி வந்து வளைகளில் திணித்தார். நுரை மெலிந்தது. கணுக்கால் உயரம் விரல் உயரமானது. சருகைத் தள்ள அதற்குச் சக்தி இல்லாமல் போனது. நாங்கள் சருகை விலக்கிக் கொடுத்தோம். ஆறு மணி ஆனது, தாண்டியது. பழனிச்சாமியின் மடைக்கு ஒரு தென்னை மட்டை நீளம் இருக்கும்போது தண்ணீர் நின்றது.

நின்றது என்றால் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. சத்தம் ஒன்றும் இல்லை. நுரையில் இருந்த குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. பிறகு ஈரக்கோடு கொஞ்சம் பின்னால் போனது. கொக்குகள் எழுந்து பறந்துவிட்டன.

சங்கரன்குட்டி தன் மடைக்கு ஓடிப்போய் வெட்டிப் பார்த்தார். வாய்க்காலில் மிஞ்சியிருந்தது அவர் வயல் மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஏறாது. சரசு வீட்டிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வாய்க்காலில் இறங்கி, மொண்டு மொண்டு வரப்பைத் தாண்டி வயலுக்குள் ஊற்றினாள். இரண்டரை ஏக்கருக்கு ஒரு குடம். நான் வாங்கப் போனேன். தரவில்லை. குடத்தில் சேறு வந்து விழுந்த பிறகு, பழனிச்சாமி போய் அவள் கையைப் பிடித்து, “வுடு சரசு. மேல வா” என்றார்.

மறுநாள் காலை காற்று முன்னைவிட மும்முரமாக அடித்தது. கதிர்களின் நுனி வெளுத்திருந்தது. பழனிச்சாமி ஒரு நெல்லைக் கிள்ளி நகத்தில் நசுக்கினார். பால் வரவேண்டும். தவிடு மாதிரி ஏதோ ஒட்டியது. வேறொரு கதிர், இன்னொரு கதிர். அதற்குள் சங்கரன்குட்டி வரப்பில் வந்து நின்றார். அவர் கையிலும் அவர் வயலின் கதிர் ஒன்று இருந்தது. பயிர் தாங்கும் என்று சொன்ன இரண்டு நாளைக் காற்று ஒரே ராத்திரியில் முடித்துவிட்டிருந்தது. ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்து, உமியைத் துப்பினார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏட்டா, நான் வெளையாட்டாச் சொல்லி...”

“சாரமில்ல” என்றார்.

மலையாளத்தில் அப்படிச் சொன்னால் பரவாயில்லை, விடு, வருத்தப்படாதே என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். ஆனால் என் காதில் தமிழாகத்தான் விழுந்தது. நெல்லுக்குள் சாரம் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்கிற மாதிரி வயலைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். “சாரமில்ல கொங்கா.”

முந்தின நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வயலாவது நனைந்திருக்கும். இதை எத்தனை தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் விடை மாறவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தபோது பழனிச்சாமி, “மச்சான் பேசினதுல நல்லாச் சிரிச்சோம்” என்றார். மெய்யாகவேதான் சொன்னார்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். சித்தூரில் தங்க ஒன்றிரண்டு லாட்ஜுகள் உண்டு. வசதி வேண்டுபவர்கள் பதினைந்து கிலோமீட்டரில் பாலக்காட்டு டவுனில் தங்கிக்கொண்டு வந்து போகலாம், பேருந்துக்குக் குறைவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியாக வந்தால் வடகரப்பதிப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். கொங்கன் படை பார்க்க வருகிறவர்கள் தேதியை உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளவும். ராசிபலன் உதவாது. மாசியில் வெயில் சுடும், தொப்பி அவசியம். ஆறு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜூலைக்குப் பிறகு வரவும். எங்கே போனாலும் குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். யார் வீட்டிலும் கேட்காதீர்கள். இல்லை என்று சொல்லமாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன். வயல் வரப்பில் நின்று படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். விவசாயிகளோடு வேடிக்கையாகப் பேசுகிற பழக்கம் உள்ளவர்கள், என்னைப்போல, வாய்க்கால் பக்கம் போகாமல் இருப்பது நலம்.

ஊர் அழகுதான். அதில் மிகை ஒன்றும் இல்லை. ஓட்டு வீடும் பனையும் மலையும் யார் போனாலும் அப்படியே நிற்கும், படத்தில் நன்றாக விழும். அந்த அழகைப் பார்த்துக்கொண்டு அங்கே ஒருவன் பிழைக்க முடியுமா என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. இவ்வளவு சரித்திரம் உள்ள ஊர், இத்தனை பெயர் பெற்ற ஆறு, இத்தனை நல்ல மனுஷர்கள், எல்லாம் சேர்ந்தும் ஒரு தென்னை மட்டை நீளத்தைக் கடக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்துச் சரசு போன் செய்தாள். கொங்கன் படை பார்க்க நான் ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் செய்திருப்பாள் என்று நினைத்து, ஏதோ சாக்குச் சொல்லத் தயாரானேன். அவள் அதைக் கேட்கவில்லை.

“வயல்ல மாட்டை வுட்டுட்டோமுங்கண்ணா. காலையில இருந்து மேயுது.”

“நம்ம மாடா?”

“நம்முளுது, பக்கத்து ஊட்டுது, எல்லாரு மாடுந்தான். சங்கரன்குட்டி ஏட்டன் அவுங்க வயல்லயும் வுட்டுட்டாரு. ரெண்டு வயலும் ஒண்ணாக் கெடக்குது, வரப்பே தெரியல.”

“மாப்ள எங்க?”

“கஞ்சிக்கோட்டுக்குப் போயிருக்காரு. யூனிபாரம் தைக்கறதுக்கு அளவு குடுக்கோணுமாம்.”

மாடுகளின் கழுத்து மணிச்சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

“என்ன பசியோ பாவம், தலையே தூக்காமத் திங்குதுங்கண்ணா” என்றாள் சரசு. “பாக்கறக்கு நல்லாத்தான் இருக்குது.”